நான் போட்ட பூச்சியங்கள்

மக்கா,

நீ அனுப்பிய பக்கங்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது என்று உன் அப்பா வடசேரிக்குப் போய் அச்செடுத்துக்கொண்டு வந்தார். அதை எழுதிய சர்க்கார் குழுவில் இருப்பவர்கள் வரிசையில் உன் பெயரைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நாலு பேரிடம் காட்டிவிட்டார். 'டிஜிட்டல் இடைவெளி' என்றால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, "போனும் கம்ப்யூட்டரும் இல்லாதவங்களுக்கும் சர்க்கார் குடுக்கது எல்லாம் போய்ச் சேரணும்லா, அதுக்கு எனக்க மகன் சட்டம் எழுதுகான்" என்றார். சட்டமில்லை, வரைவுதான் என்று நான் திருத்தவில்லை. அவர் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

நீ போனில் கேட்டபோது "நல்லா இருக்கு மக்கா" என்று சொன்னேன். அது பொய். அதற்குள் நான் அந்த இடத்தைப் படித்துவிட்டிருந்தேன். மலையடிவார ரேஷன் கடைகளில் கைரேகை விழாமல் போவது அநேகமாக இல்லை, மாதாந்திர அறிக்கைகளே அதற்குச் சாட்சி, ஆகவே அங்கெல்லாம் காகிதப் பதிவேட்டை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் விரலுக்கும் போனுக்கும் மாற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதாந்திர அறிக்கைகளில் பலவற்றை எழுதியவள் நான். அவற்றில் பல பொய்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "அம்மா, ஒங்களுக்கு எதுலயும் சந்தேகம்தான்" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். சந்தேகக்காரி என்று வீட்டில் எனக்குப் பெயர் இருப்பது தெரியும். சிலிண்டர் வந்தால் சீலைத் தடவிப் பார்ப்பேன். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நான் இன்னொரு தடவை தூக்கிப் பார்ப்பேன். உன் கல்யாணத்துக்கு வந்த ஜாதகக்காரரையும் விடவில்லை, நாம் ஜாதகம் பார்க்கிறவர்கள் இல்லை என்று தெரிந்தும் எதற்கு வந்தார் என்று ஒரு வாரம் யோசித்தேன். இந்தக் குணம் ரேஷன் கடை வேலையில் உட்கார்ந்து வந்ததுதான். சாக்கு நிறையும் குறையும், தராசு இழுக்கும், எலி தின்றது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். யாரைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, யாரைச் சந்தேகப்படக் கூடாதோ அவர்களைச் சந்தேகப்பட்டேன். இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான்.

நான் கீரிப்பாறை பஸ் போகிற பாதையில் அந்தக் கடையில் இருந்தபோது நீ கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாய். மெஷின் வந்த புதிது. அட்டையைக் காட்டி, விரலை வைத்து, பச்சை விளக்கு எரிந்தால்தான் அரிசி. மலை மறைப்பில் சிக்னல் கிடைக்காது. மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்து, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று உயர்த்திப் பிடிப்பேன், எனக்குப் பின்னால் வரிசை முழுவதும் சாலைக்கு வரும். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு டவர் வந்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. டவர் வந்த பிறகும் சில பேருக்குப் பச்சை எரியவில்லை.

அவர்களில் ஒருவர் நேசம்மாள் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படுக்கையில் கிடக்கும் தங்கையைப் பார்த்துக்கொண்டு மேலே ஒரு வீட்டில் இருந்தார். முதல் மாதம் வலது கைப் பெருவிரலை வைத்தார், விழவில்லை. ஆள்காட்டி விரல், இடது கை, எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தோம். சிவப்புதான். சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"என்ன மக்கா, எனக்க கைய அதுக்குப் பிடிக்கல்லியா?"

"அதுக்கு ரேகை தெரியல்ல அக்கா."

"வெட்டுக் கத்தியும் பாலும் ஆசிட்டும் பிடிச்ச கையாக்கும். ரேகை எங்க இருக்கும்?"

அப்படிப்பட்டவர்களுக்கு என்று ஒரு வழி இருந்தது. விரல் விழாவிட்டால் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லலாம். அதுவும் இல்லையென்றால் பதிவேட்டில் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, பொருளைக் கொடுத்துவிட வேண்டும். மாதக் கடைசியில் அப்படிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று 'விலக்கு' என்ற கட்டத்தில் போட வேண்டும். சுற்றறிக்கை தெளிவாகவே இருந்தது. யாரோ உன்னைப் போல ஒருவர் யோசித்துத்தான் எழுதியிருப்பார். முதல் இரண்டு மாதம் நான் அப்படியே செய்தேன். நேசம்மாள் அக்காவைப் போலப் பால் வெட்டுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், வயசானவர்கள் எல்லாரையும் எழுதினேன்.

மூன்றாவது மாதம் மேலிருந்து ஆய்வு அதிகாரி கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

"பக்கத்துக் கடைகள்ல விலக்கு ஒண்ணுகூட இல்ல. ஒங்க கடையில மட்டும் எப்படிம்மா இத்தன பேரு? நான் ஒண்ணும் சொல்லல்ல. பாக்கிறவங்களுக்குச் சந்தேகம் வருமில்லியா? ஆளில்லாத கார்டுக்கு அரிசி போட்டுக் கேரளாவுக்குக் கடத்துகாங்கன்னு ஒருத்தன் மனு குடுத்தா, மொதல்ல ஒங்க கடைக்குத்தான் வருவாங்க. பாத்துக்கிடுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது. அந்த அறிக்கையை அப்போதுதான் போனில் நிரப்பும்படி மாற்றியிருந்தார்கள். விலக்குக் கட்டத்தை ஒன்றும் போடாமல் விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "காலியா விட்டா ஏத்துக்காதும்மா. இல்லன்னா பூச்சியம் போடுங்க." நீ சொன்னது கட்டத்தைப் பற்றி மட்டும்தான். உண்மையா பொய்யா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூச்சியம் போட்டேன். உடனே போய்விட்டது. திரையில் ஒரு பச்சை டிக் வந்தது. அதைப் பார்த்ததும் மனசு லேசானதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

பூச்சியம் போட்டுவிட்டால் பதிவேட்டில் யாருக்கும் கொடுக்க முடியாது. அதனால் விரல் விழாதவர்களை "நாளைக்கு வாங்க, சர்வர் சரியில்ல" என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். சிலர் மகனையோ மருமகளையோ அனுப்பி அவர்கள் விரலை வைத்து வாங்கிக்கொண்டார்கள். அனுப்ப ஆளில்லாதவர்கள் அலைந்தார்கள். நேசம்மாள் அக்கா அந்த மாதம் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் தங்கையைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பால் எடுத்து முடித்து, பஸ் பிடித்து வர வேண்டும். மூன்றாவது முறை எனக்கே பொறுக்காமல் போனுக்கு எண் அனுப்பிப் பார்க்கலாம் என்றேன்.

"எனக்கு ஏது மக்கா போனு?"

அட்டையில் ஒரு போன் எண் இருந்தது. நான் கூப்பிட்டேன். ஒரு ஆணின் குரல். யார் என்று கேட்டதும் வைத்துவிட்டான். போன் இல்லை என்கிறவளின் அட்டையில் எவனோ ஒருவனுடைய எண். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. அதிகாரி சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அட்டையை எவனிடமோ அடகு வைத்துவிட்டு இங்கே வந்து நிற்கிறாள் என்று முடிவு கட்டினேன். வரிசையில் எல்லாரும் நிற்கும்போது உரக்கச் சொன்னேன்: "நீ யாருக்கு அரிசி விக்கதுக்கு இந்த நாடகம் போடுகே? அந்த ஆள வரச் சொல்லு, அவன் வெரலு விழுதான்னு பாப்போம்."

அக்கா என்று கூப்பிட்டவரை 'நீ' என்றேன் மக்கா. அவர் அட்டையை என் கையிலிருந்து வாங்கி, பைக்குள் வைத்து, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்துபோனார். பிறகு வரவே இல்லை.

வராமல் போனதையும் குற்றத்துக்கு அத்தாட்சி என்றே எடுத்துக்கொண்டேன். சந்தேகத்தின் குணம் இது. வந்தாலும் அதற்குத் தீனி, வராவிட்டாலும் தீனி. நாலு மாதம் அந்த அட்டைக்குப் பொருள் எடுக்கப்படாமல் கிடந்தது. ஆள் ஊரிலேயே இல்லை என்று எழுதி அட்டையை நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். எழுதுவதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை மதியம் மேலே போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று நினைத்துவிடாதே. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

அக்கா வாசலில் மரச்சீனிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முகத்தைத் திருப்பாமல், "இரி" என்று பலகையைப் போட்டார். உள்ளே கட்டிலில் தங்கை கிடந்தார். அடுக்களையில் அரிசி டின் காலியாகத் திறந்து கிடந்தது. நாலு மாதமாகக் காலையும் மாலையும் மரச்சீனிதான். பக்கத்து வீட்டார் கொஞ்சம் அரிசி கொடுக்கும் நாளில் தங்கைக்கு மட்டும் கஞ்சி. இதை அவர் சொல்லவில்லை, தங்கை சொன்னார். அக்கா பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் விரித்து என் மடிப் பக்கம் நீட்டினார். விரல் நுனிகள் தேய்ந்து, வழுவழுவென்று, அங்கங்கே வெடித்திருந்தன.

"வெரலு தேஞ்சு போனதுக்கு நான் கள்ளியா?" என்று கேட்டார்.

சாயாவைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. கடைசியில், கேட்கக் கூடாது என்று தெரிந்தும், அந்தப் போன் எண் யாருடையது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அட்டை எடுக்கும்போது கம்ப்யூட்டர் சென்டரில் எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் தெரியும் என்றார்.

மறுநாள் ஞாயிறு, அதனால் திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கேயும் ஒரு திருடனைப் பிடிக்கிற வேகத்தில்தான் நுழைந்தேன். நாற்பது வயசு ஆள், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். எண்ணைக் காட்டியதும் உடனே சொல்லிவிட்டான்.

"எனக்க நம்பர்தான் அக்கா. நம்பர் போடாம அடுத்த பக்கத்துக்கே போவாது. போன் இல்லாதவங்க வந்தா நான் என்ன செய்யட்டு? திரும்பிப் போன்னு சொல்லணுமா? எனக்க நம்பரப் போட்டு முடிச்சுக் குடுத்தேன். தெனமும் ஏதேதோ எண்ணா வருகு, கள்ளப் பயலுக அனுப்புகான்னு அழிச்சிருவேன். நீங்க கூப்பிட்டப்பவும் அப்படி எவனோன்னுதான் வெச்சேன்."

அவனும் என்னைப் போலத்தான். ஒரு கட்டத்தைக் காலியாக விட முடியாததால் கையில் கிடைத்ததை எழுதியவன். ஆனால் அவன் ஒருத்தருக்கு உதவ எழுதினான், நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதினேன். மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த ஊரில் எல்லாரிடமும் போன் இருக்கிறது, எல்லாருக்கும் விரல் விழுகிறது. உன் வரைவில் 'கைபேசி இணைப்பு முழுமை' என்று நம் பகுதிக்கு நேராக ஒரு வரி இருக்கிறதே, அதில் அவன் எண் எத்தனை வீடாக நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அந்த மாதம் முதல் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தேன். நேசம்மாள் அக்காவை நான் போய் அழைத்துவந்தேன். வரிசையில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "சரி, போட்டும், அரிசியப் போடு" என்றார். மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். மாதக் கடைசியில் விலக்குக் கட்டத்தில் உண்மை எண்ணிக்கையைப் போட்டேன். எதிர்பார்த்தபடியே அதிகாரி ஜீப்பில் வந்தார். பதிவேட்டில் இருந்தவர்களில் ஐந்து பேரை வரவழைத்து, தானே அவர்கள் விரலைப் பிடித்து மெஷினில் அழுத்தினார். துடைத்து அழுத்தினார், எண்ணெய் தடவி அழுத்தினார். ஒன்றும் விழவில்லை. கடைசியில் நேசம்மாள் அக்கா, "சார் கை வலிச்சிரப் போவுது" என்றார். வரிசை சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். "எழுதிக் குடுங்கம்மா" என்று சொல்லிக் கிளம்பினார். ஜீப்பில் ஏறப் போனவரிடம், பழைய மாதங்களில் போட்ட பூச்சியத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். "அது லாக் ஆயிட்டு. இனி அதக் கிளறாதீங்க, ஒங்களுக்குத்தான் கேடு" என்றார்.

நான் கிளறவில்லை. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. கொஞ்ச நாளில் என்னைப் பூதப்பாண்டிக் கடைக்கு மாற்றினார்கள். தண்டனையா வசதியா என்று தெரியவில்லை, வீட்டுக்குப் பக்கம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அங்கே எல்லாருக்கும் பச்சை எரிந்தது, அங்கே நான் போட்ட பூச்சியம் நிஜமான பூச்சியம். ஓய்வு பெறும் நாளில் சால்வை போட்டார்கள். பொய்ப் பூச்சியம் போட்ட அந்த மாதங்களில், நாகர்கோவிலில் பயிற்சிக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் மலையடிவாரக் கடைக்காரிகள் நாங்கள் ஒன்றாகத்தான் டீ குடிப்போம். "நீ என்ன போட்டே?" "பூச்சியந்தான்." "நானும்." அதைச் சொல்லிச் சிரிப்போம். அந்தச் சிரிப்பைத்தான் மக்கா, உன் குழு சாட்சி என்று எழுதியிருக்கிறது.

உங்கள் வரைவில் நல்லது இல்லாமல் இல்லை. நூலகத்தில் இலவச இணையம், பெண்களுக்குப் பயிற்சி, மலைக்கு மேலே இன்னும் டவர், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் எத்தனை டவர், எத்தனை போன், எத்தனை பேருக்குப் பயிற்சி என்று கொடுத்ததை மட்டும் எண்ணுகிறீர்கள். கடை வரை வந்து வெறுங்கையோடு திரும்பிப் போனவர்களை யார் எண்ணுகிறார்கள்? பச்சை எரிந்தால் மெஷின் எழுதிக்கொள்ளும், திரும்பிப் போகிறவர் முதுகை அது எழுதாது. ஒரு பத்தியில் குறை ஒன்றுமே இல்லை என்று வந்தால் சந்தோஷப்படாதே, அங்கேதான் முதலில் சந்தேகப்படு. குறையை எழுதுகிறவளைத் திருடி என்று பார்க்கிற இடத்தில் எவளும் குறையை எழுத மாட்டாள். 'போன் இல்லை' என்று சொல்ல ஒரு கட்டம் வையுங்கள், அதை நிரப்பியவரை அடுத்த பக்கத்துக்குப் போக விடுங்கள். காகிதப் பதிவேட்டை எடுக்கவே எடுக்காதீர்கள். உங்களுக்கு அது பழைய காலத்துக் குப்பை. அக்காவுக்கு இன்றைக்கும் அரிசி அதில்தான் வருகிறது. எனக்குப் பிறகு வந்த பெண் பயப்படாமல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதே. பொய் எழுதியவள் என்று நானே சொல்லிவிட்டேன். நீயே வந்து பார். கலெக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தால் உனக்கு முன்னாலேயே எல்லா விரலும் விழ ஆரம்பித்துவிடும், அதனால் சொல்லாமல் வா.

நேற்று கீரிப்பாறை பஸ் ஏறிப் போய் அக்காவைப் பார்த்தேன். தங்கை போன வருஷம் இறந்துவிட்டார், அக்கா தனியாக இருக்கிறார். சென்னையில் என் மகன் இதைப் பற்றி எழுதுகிறான், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "பேர எழுதினா அரிசி நின்னு போவாதே?" என்றார். நிற்காது என்று சொல்ல வாயெடுத்தேன். எதை வைத்துச் சொல்வது? தெரியாது என்று சொன்னேன். "பின்ன வேண்டாம் மக்கா" என்றார். ஆகவே இந்தக் கடிதத்தைத் தவிர வேறெங்கும் அவர் பெயர் வரக் கூடாது.

நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். எந்தக் கடை, எந்தெந்த மாதம், யார் சொல்லி, யாருக்குப் பயந்து, எல்லாம் இருக்கிறது, அக்கா பெயர் மட்டும் இல்லை. ஒரு படியை மாவட்ட வழங்கல் ஆபீசுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் அப்பா, "விசாரணை வரும், பிள்ளைக்க வேலைக்கும் கேடு" என்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. வரட்டும். எனக்கு இப்போது இருப்பது ஒரே சந்தேகம், அது உன் மேல். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, 'கடை ஊழியர் ஒருவர் தெரிவித்தபடி' என்று நாசூக்காக எழுதிவிடுவாய். ஊழியர் ஒருவர் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம், அடுத்த கூட்டத்திலேயே அந்த வரியை எடுத்துவிடுவார்கள். அக்கா பெயரை மறைத்துவிடு. என் பெயரை முழுசாக எழுது, கடை எண்ணோடு, உன் அம்மா என்பதையும் சேர்த்து.

அம்மா